காதுக்கும் ஒரு பாடவேளை

கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் பல பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். காது மெல்லக் கெடுவதைச் சொல்லத் தெரியாது. இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளில் தொடங்குகிறது. வீட்டுப் பேச்சு வழக்கம்போலக் கேட்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எனவே பள்ளியில் கேள்திறன் பரிசோதனையோடு பாடமும் நடக்க வேண்டும். ஹெட்போனில் வரும் ‘பீப்’ ஒலி தேய்ந்துகொண்டே போக, கேட்கும்போதெல்லாம் மாணவர் பொத்தானை அழுத்துவார். எந்த ஒலி எவ்வளவு மெல்லியதாக இருந்தும் கேட்டது என்று குறித்துக் கோடாக இணைத்தால் ஆடியோகிராம். அந்தக் கோட்டைப் படிக்கப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கலாம்.

‘சத்தத்தைக் குறை என்றால் போதாதா?’ எனக் கேட்கலாம். காரணம் தெரியாத கட்டளை, கண் மறைந்ததும் காற்றில் போய்விடும். உட்காதின் நத்தைச் சுருளில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000. செத்தவை நமக்கு மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்கூடங்களில் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றால், 3 டெசிபல் கூடியதும் 4 மணி நேரம் என்பது பரவலான பாதுகாப்புக் கணக்கு. இந்தப் பாடம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்பதும் சரியல்ல; எல்லாக் குறையும் நிரந்தரமல்ல, நடுக்காதில் நீர் கோத்து வரும் மந்தம் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘கவனமில்லாதவள்’ என்று பெயர் வாங்கிய பிள்ளையைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் அழைத்துவர ஒரு பரிசோதனை போதும்.