நீட் தேர்வு: பழைய வினாத்தாள்களால் பயன்பெறுவது எப்படி?

அண்ணனோ அக்காவோ படித்த நீட் வினாத்தாள் தொகுப்பு, அடுத்த பிள்ளையின் கைக்கு வருவது நம் வீடுகளில் வழக்கம்தான். செலவும் மிச்சம். பழைய வினாக்கள் நல்ல பயிற்சியும் தரும். ஆனால் சில விஷயங்களைச் சரிபார்க்காமல் தொடங்கினால் உழைப்பு வீணாகலாம்.

முதலாவது, பாடத்திட்டம். 2024ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்றவையும், உயிரியலில் செரித்தல், கனிம ஊட்டம் போன்றவையும் நீக்கப்பட்டன. எனவே தேசியத் தேர்வு முகமையின் அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டைப் பார்த்து, தேவையற்ற வினாக்களை முதலில் அடித்துவிட வேண்டும். அதே பாடங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இருக்கலாம். அங்கே விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, தேர்வு முறை. 2021 முதல் 2024 வரை 200 வினாக்கள் தரப்பட்டு, 180க்கு விடையளித்தால் போதும் என்றிருந்தது. நேரம் 2021இல் 180 நிமிடம், 2022 முதல் 2024 வரை 200 நிமிடம். 2025இல் 180 வினாக்கள், 180 நிமிடம், விருப்பத் தேர்வு இல்லை. ஆகவே அந்த நான்கு ஆண்டுத் தாள்களில் 'பி' பிரிவின் முதல் பத்து வினாக்களை மட்டும் எடுத்து, மூன்று மணி நேரத்தில் முடிக்கப் பழக வேண்டும். எளிதானதைப் பொறுக்கி எழுதிப் பெறும் மதிப்பெண் நம்மை ஏமாற்றும்.

மூன்றாவது, தவறான விடை. சரிக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். 120 சரியாக எழுதி மீதி 60ஐ விட்டுவிட்டால் 480. அந்த 60ஐயும் ஊகித்துத் தவறாக எழுதினால் 420. வீட்டில் திருத்தும்போதும் இப்படியே கணக்கிட வேண்டும்.

நான்காவது, ஒரே தாளை மீண்டும் எழுதினால் கூடும் மதிப்பெண் பெரும்பாலும் நினைவாற்றலின் மதிப்பெண்தான். அதை நம்பி எந்தக் கல்லூரி, இன்னொரு வருடம் காத்திருப்பதா என்று முடிவு செய்யும் குடும்பம் பின்னர் வருந்த நேரிடும். எனவே அண்மைய இரண்டு தாள்களையாவது பிரிக்காமல் கடைசி மாதத்துக்கு வைத்திருக்கட்டும்.

பெற்றோர்களே! "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எது தவறியது? தெரியாமலா, அவசரத்திலா?" என்று கேளுங்கள். அதைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.