ஏர் எடுத்தாச்சா?

மே மாதச் சாயங்காலம், மேடவாக்கம் கூட்ரோடு. மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. ஓரமாக ஒரு கார், பானெட்டைத் தூக்கியபடி. “போன வாரம்தான் சார் கூலன்ட் ஃபுல் பண்ணேன்” என்று ஓட்டுநர் சொன்னால் தாராளமாக நம்பலாம். ஃபுல்லாக ஊற்றியும் இன்ஜின் கொதிக்கும். ஊற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியே வராமல் இருந்தால் போதும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஹெட், இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாக வெளியேறியாக வேண்டும். சின்ன கார்களில் அந்த வேலையைச் செய்வது நாலைந்து லிட்டர் திரவம், அவ்வளவுதான்.

நெரிசலில் எதிர்காற்று கிடையாது, ஃபேன்தான் கதி. போதாக்குறைக்கு வெயில். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை உதறும் என்பது கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. 95 டிகிரி கூலன்ட்டுக்கு மார்கழிக் காலையில் எழுபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் கிடைக்கும், அப்படிப்பட்ட நாளில் ஐம்பதுதான்.

இந்த நெருக்கடியில்தான் உள்ளே மாட்டிய காற்று விளையாடுகிறது. ஒரு டிகிரி சூடேற ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு லிட்டர் காற்று வாங்காது. காற்று எப்போதும் மேட்டைத் தேடிப் போகும். இன்ஜினில் மேடு என்பது ஹெட், அதாவது அதிகம் சுடுகிற இடம். குமிழி தங்கிய இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துப்போக ஆளில்லை. சுற்றியுள்ள கூலன்ட் ஆவியாகிக் குமிழியை இன்னும் பெரிதாக்குகிறது. அந்தக் காற்று வாட்டர் பம்புக்குள் போய்விட்டால் சுற்றோட்டமே தடைப்படும். ஏர் பிடித்த வீட்டு மோட்டார் சத்தம் மட்டும் போட்டுத் தண்ணீர் ஏற்றாமல் நிற்குமே, அதே கதை. சுழலும் சக்கரத்தால் திரவத்தைத்தான் வீசித் தள்ள முடியும்.

இதைவிட விஷமம் ஒன்று உண்டு. திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சாரைக் குமிழி சூழ்ந்துகொண்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும், அல்லது காரணமில்லாமல் ஏறி இறங்கும். எனக்கு முள்ளைவிடக் காதின்மேல் நம்பிக்கை அதிகம். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், ஹீட்டருக்குப் போகும் பாதையில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

காற்றை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது காரின் மூக்கைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டர் வாயே மேடாக இருக்கும்படி நிறுத்துவார்கள். மூடியைக் கழற்றி ஒரு புனலைச் செருகிக் கூலன்ட் ஊற்றி ஸ்டார்ட் செய்வார்கள். அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பார்கள். சென்னையில் யாரும் தொடாத அந்த ஹீட்டர் திருகுக்கு ஒரு வேலை வருவது இப்போதுதான். பல கார்களில் அதைத் திருப்பினால்தான் ஹீட்டர் பாதை திறந்து, அங்கே ஒளிந்திருக்கும் காற்று நகரும்.

முதல் சில நிமிடங்கள் புனலில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடையும். கூலன்ட் 80, 90 டிகிரியை நெருங்கும்போது தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வெறும் மெழுகு! அந்த நொடியில் புனலில் மட்டம் மளமளவென்று இறங்கும். ஒரு பெரிய குமிழி பொளக்கென்று வெளியே வரும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸும் சூடாகிவிட்டால் கூலன்ட் சுற்றத் தொடங்கிவிட்டது. ஃபேன் ஓரிரு முறை ஓடி நின்று, குமிழிகளும் அடங்கிவிட்டால் வேலை முடிந்தது. சில மாடல்களில் ஏர் எடுப்பதற்கென்றே தனி ஸ்க்ரூ உண்டு, அவற்றின் முறையும் வேறு.

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்றே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து ரேடியேட்டர் அடைப்பை. எடுத்த காற்று சில நாளில் திரும்ப வந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி, மூடியிலுள்ள சின்ன வால்வு வழியே ரிசர்வ் டேங்கிலிருந்து திரவத்தை உறிஞ்ச வேண்டும். மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் அது திரவத்துக்குப் பதில் காற்றை உறிஞ்சும். குமிழி நிற்கவே இல்லை, புகை வெள்ளையாகவும் இனிப்பு வாடையோடும் வருகிறது என்றால், ஹெட் கேஸ்கட் போய்ச் சிலிண்டர் வாயுவே கூலன்ட்டில் கலக்கிறது. அதற்கு மேல் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

வண்டி நடுவழியில் கொதித்தால் அந்த மூடியை மட்டும் உடனே தொடாதீர்கள். அது சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தை அடக்கி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிவரை கொதிக்காது. திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். இன்ஜினை நிறுத்தி, கை வைத்தால் பொறுக்கிற அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். வேறு வழியே இல்லையென்றால் கேன் தண்ணீரை ஊற்றி மெதுவாக வீடு சேருங்கள். பக்கெட்டில் வெள்ளைப் படிவை விடும் போர் தண்ணீர் ரேடியேட்டருக்குள்ளும் அதையே விடும், அது வேண்டாம். மறுநாளே சரியான கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பில்லைப் பார்ப்பதற்கு முன் “ஏர் எடுத்தாச்சா?” என்று கேட்டுவிடுங்கள்.