ரத்தம் திரும்பும்போது இருதயத்தில் நடப்பது என்ன?

கோவை, ஈரோடு பக்கத்துத் தோட்டங்களில் கரண்ட் நின்றதும் கிணற்று மோட்டாரின் சுவிட்சை அணைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் சீராக இல்லாவிட்டால் காயில் கருகிவிடும் அல்லவா? நம் இருதயத்திலும் இதை ஒத்த ஆபத்து ஒன்று உண்டு. ஆனால் அதற்குச் சுவிட்ச்தான் இல்லை!

இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் ரத்தக்கட்டியால் அடைபடுவதே மாரடைப்பு. மருந்தால் கட்டியைக் கரைத்தோ, பலூனால் குழாயை விரித்தோ மருத்துவர்கள் ரத்தத்தை மீண்டும் ஓடவிடுகிறார்கள். அப்படி ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களிலேயே, அதுவரை உயிரோடிருந்த செல்களில் சில மடிந்துவிடுகின்றன. ஏன்?

இருதயத் தசைச் செல்லின் கனஅளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்டிரியாக்களே. பிராணவாயுவைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளைத் தயாரிப்பது இவற்றின் வேலை. பிராணவாயு வராவிட்டால் ஏ.டி.பி. குறைகிறது, செல்லில் அமிலம் மிகுகிறது, கால்சியம் தேங்குகிறது, சக்ஸினேட் என்னும் பொருளும் குவிகிறது. பிராணவாயு திரும்பியதும், குவிந்த சக்ஸினேட் வெகு வேகமாக ஆக்ஸிகரணம் அடைகிறது. அப்போது எலக்ட்ரான்கள் சில வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் ஓடி, பிராணவாயுவோடு சேர்ந்து, அருகிலுள்ளதைத் தாக்கும் சூப்பர் ஆக்ஸைடை உண்டாக்குகின்றன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2014இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள்.

இத்தாக்குதலும் கால்சியமும் சேர்ந்து மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் ஒரு துளையைத் திறக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதுவரை அத்துளை திறவாமல் காத்து வந்தது அந்த அமிலமே! திரும்பிய ரத்தம் அதைக் கழுவிவிடுகிறது. துளை திறந்ததும் நீர் புகுந்து மைட்டோகாண்டிரியா உப்புகிறது, வெளிச்சவ்வு கிழிகிறது, செல் மடிகிறது.

இத்துளையைத் தடுக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். விலங்குகளில் பலன் தந்த இது, ஐரோப்பாவில் 970 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த சோதனையில் கைகொடுக்கவில்லை என்று 2015இல் தெரிந்தது.

அப்படியானால் ரத்தத்தைத் திருப்பாமலே விட்டுவிடலாமா? கூடவே கூடாது. அடைப்பு நீடிக்க நீடிக்க இன்னும் அதிகமான தசை அழியும். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில், சிறு மருத்துவமனைகளைக் கோவை போன்ற இடங்களின் பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்ஸ் மூலம் இணைத்துப் பார்த்தார்கள். சிறு மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது ஏற்பாடு. மொத்தம் 2,420 நோயாளிகளைக் கணக்கிட்டதில், ஓராண்டுக்குள் இறந்தோர் ஏற்பாட்டுக்கு முன்பு 17.6 சதவீதம், பிறகு 14.2 சதவீதம்.