சுற்றுலா ஊரின் சிறு கடையும் வாங்குவோர் நம்பிக்கையும்

கிராமப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்பொழுது விளைச்சலையும் பாசனத்தையும் கடன் வசதியையுமே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். விளைந்த பொருளும் நெய்த துணியும் யார் கையால், எந்த முறையில் விற்கப்படுகின்றன என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை. கோயிலையோ மலையையோ பழஞ்சின்னத்தையோ காண வெளியூர் மக்கள் வந்து செல்லும் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. வந்தவர் ஊரை விட்டுப் புறப்படும்பொழுது நினைவுக்கென ஒரு பொருளை வாங்கிச் செல்கிறார். அந்தப் பொருள் நல்லதாயின் ஊருக்குப் பெயர். போலியாயின் ஊருக்கே பழி. ஆகவே, பேருந்து நிற்கும் இடத்தில் பத்தடி அகலத்தில் அமைந்த சிறு கடையும் பஞ்சாயத்தின் கவனத்திற்குரிய ஒன்றாகும்.

திருமலையின் சிறப்பு

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் திருமலை. பாறையில் செதுக்கப்பெற்று ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர் திருவுருவம், குகைகளிலுள்ள பழைய ஓவியங்கள், இராசராச சோழனின் தமக்கையார் பெயரால் வழங்கும் குந்தவை சினாலயம் ஆகியவற்றைக் காணச் சமண யாத்திரிகர்களும் வரலாற்று ஆர்வலர்களும் இங்கு வருகின்றனர். முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு இம்மலையில் உள்ளது. அதே கல்வெட்டு, நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை இக்கோயிலின் விளக்கிற்கும் திருவமுதிற்கும் காசு அளித்த செய்தியையும் பதிந்து வைத்திருக்கிறது. வணிகர் குடும்பம் ஒன்று தன் நற்பெயரைக் கல்லில் விட்டுச் சென்று ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய ஊரில் இன்று நடைபெறும் வாணிகமும் அதற்கேற்ற நேர்மையுடன் இருத்தல் வேண்டுமன்றோ?

ஒரு முறை மட்டுமே வருபவர்

உள்ளூர் மளிகைக் கடைக்கும் சுற்றுலா ஊரின் பரிசுப் பொருள் கடைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மளிகைக் கடைக்காரர் இன்று எடை குறைத்தால் நாளைக் காலையில் அதே வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்று கேட்பார். தெரிந்த முகமும், தொடர்ந்து வரும் வியாபாரமும் அங்கே காவலாக நிற்கின்றன. பரிசுப் பொருள் கடைக்கு வருபவரோ பெரும்பாலும் ஒரு முறை மட்டுமே வருபவர். நூறு கல் தொலைவில் தம் வீட்டிற்குச் சென்ற பிறகே பொருளின் குற்றம் அவருக்குத் தெரிகிறது. ஒரு துண்டுக்காகவோ பொம்மைக்காகவோ அவர் மீண்டும் பயணம் செய்யப் போவதில்லை.

இந்த நிலையில் கடைக்காரருக்கு ஆசை ஏற்படுவது இயல்பே. ஆனால் கேடு அவரோடு நிற்பதில்லை. ஏமாந்தவர் கடையின் பெயரை மறந்துவிடுவார். ஊரின் பெயரை மறக்கமாட்டார். ஆரணியில் வாங்கியது போலி என்று அவர் பத்துப் பேரிடம் சொல்லும்பொழுது, அந்தக் கடையைக் கண்ணாலும் காணாத நெசவாளி ஒருவரின் தறிக்கு வரவேண்டிய வேலை குறைகிறது. குற்றம் செய்தவர் ஒருவர். கூலி இழப்பவர் மற்றொருவர். ஆதலால் இதனைத் தனி வியாபாரியின் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட இயலாது. தெரிந்த முகம் என்னும் காவல் இல்லாத இடத்தில் விலைச்சீட்டு, ரசீது, தரக்குறி ஆகிய மூன்றையும் காவலாக நிறுத்த வேண்டும்.

விலையும் தரகும்

வாங்க வருபவரின் முதல் ஐயம் விலையைப் பற்றியது. பொருளின் மேல் விலை எழுதப்படாதிருந்தால், தம் உடையையும் பேச்சையும் பார்த்து விலை சொல்லுகிறார்களோ என்று அவர் எண்ணுகிறார். பக்கத்தில் நிற்பவருக்கு அதே பொருள் குறைந்த விலைக்குக் கிடைத்துவிட்டால் ஐயம் உறுதியாகிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே விலை என்பதை எழுதி ஒட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. அதனால் பேரம் பேசத் தெரியாதவரும் பெண்களும் முதியோரும் அச்சமின்றிக் கடைக்குள் நுழைவர்.

இரண்டாவது, தரகு. வண்டி ஓட்டுபவரோ வழிகாட்டியோ யாத்திரிகரைக் கடைக்கு அழைத்து வந்தால், விற்பனையில் ஒரு பங்கு கேட்கும் வழக்கம் பல சுற்றுலா ஊர்களில் உண்டு. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கைத்தறித் துண்டின் அடக்கவிலை ரூ. 400 என்றும், கடைக்காரரின் ஊதியம் ரூ. 100 என்றும் கொள்வோம். விற்கும் விலை ரூ. 500. இதில் நான்கில் ஒரு பங்கைத் தரகாகக் கொடுத்தால் ரூ. 125 போய்விடும், கடைக்காரருக்கு ரூ. 25 நட்டம். தம் ஊதியத்தைக் காத்துக்கொள்ள அவர் விலையை ஏறத்தாழ ரூ. 667 ஆக உயர்த்த வேண்டும். வாங்குபவர் ரூ. 167 கூடுதலாகக் கொடுக்கிறார். நெய்தவருக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை. விலையை உயர்த்த இயலாதபொழுது மலிவான போலிச் சரக்கைத் தேடத் தொடங்குகிறார்கள். போலி நுழைவதற்குத் தரகு திறந்துவிடும் வழி இதுதான்.

மூன்று தரக்குறிகள்

பட்டு வாங்குபவர் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்: இது அசல் பட்டா? கையால் நெய்ததா? இந்த வட்டாரத்தில் நெய்ததா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு உரிய சான்று மற்றொன்றுக்குப் போதாது என்பதைக் கடைக்காரரும் வாங்குபவரும் அறிந்திருத்தல் நலம்.

முதல் கேள்விக்கு விடை பட்டுக் குறி. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் தொடங்கப்பட்ட இந்த முத்திரை, நூல் இயற்கைப் பட்டு என்பதை மட்டும் கூறும். கைத்தறியா விசைத்தறியா என்பதைக் கூறாது. இரண்டாவது கேள்விக்கு விடை 2006இல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை. இது கையால் நெய்தது என்பதைக் கூறும். பட்டா பருத்தியா என்பதைக் கூறாது. மூன்றாவது, புவிசார் குறியீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஆரணிப் பட்டு பதிவு பெற்றுள்ளது. வேறு ஊர்ச் சரக்கை ஆரணிப் பட்டு என்று பெயரிட்டு விற்பது அந்தப் பதிவுக்கு முரணானது.

முத்திரை இல்லாத இடத்தில் எளிய சோதனை ஒன்று உண்டு. துணியின் ஓரத்திலிருந்து எடுத்த ஓர் இழையைக் கொளுத்தினால், அசல் பட்டு மெதுவாக எரிந்து, முடி கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். சரிகையிலும் வேறுபாடு உண்டு. அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டு அதன்மேல் தங்க முலாம் பூசப்படுகிறது. மலிவான வகைகளில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்போ உலோகப் பூச்சுக் கொண்ட செயற்கைத் தகடோ இருக்கும். விலை வேறுபாட்டுக்கு இதுவே பெருங்காரணமாதலால், எந்தச் சரிகை என்பதை ரசீதில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

விசைத்தறித் துணியையும் செயற்கை இழைத் துணியையும் விற்பது குற்றமன்று. குறைந்த வருவாயுடையோருக்கு அவை தேவையே. ஆனால் அவை அந்தப் பெயராலேயே, தனித் தட்டில், தனி விலையில் விற்கப்படவேண்டும். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது என்பதையும் வியாபாரிகள் நினைவில் கொள்ளவேண்டும்.

வருபவரை அறிதல்

உண்மை கூறுவது எவ்வளவு முக்கியம் என்பதைத் திருமலைக்கு வரும் யாத்திரிகர்களைக் கொண்டே விளக்கலாம். பட்டுப்புழு ஏறத்தாழ நான்கு வாரம் மல்பெரி இலையைத் தின்று வளர்ந்து கூடு கட்டுகிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் நீண்ட இழை அறுபட்டுவிடும். ஆதலால் வழக்கமான முறையில் கூட்டுப்புழு நீராவியாலோ வெந்நீராலோ கொல்லப்பட்ட பிறகே நூல் எடுக்கப்படுகிறது. கொல்லாமையைப் பெருவிரதமாகக் கொண்ட சமணரில் பலர் இதன் காரணமாகப் பட்டைத் தவிர்க்கின்றனர். தேனையும் அவர்கள் கொள்வதில்லை.

அத்தகைய ஒருவர் கடைக்கு வந்து பட்டைப் பற்றிக் கேட்டால், விற்பனைக்காக மழுப்பிப் பேசுதல் தகாது. உள்ளதை உள்ளபடி கூறி, பருத்திக் கைத்தறியை எடுத்துக் காட்டுவதே முறை. பூச்சி வெளியேறிய பின் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டு என்னும் வகையும் உண்டு. அது உண்மையிலேயே கையிருப்பில் இருந்தால் மட்டுமே அப்பெயரைக் கூறவேண்டும். ஒரு விற்பனை குறைந்தாலும் அவருடைய நம்பிக்கை நிலைக்கும். அடுத்து வருபவர் அவர் சொல்லிக் கேட்டு வருவார்.

சிறிய பொருளே பெரிதும் விற்பது

வெளியூரிலிருந்து வரும் குடும்பம் ஒவ்வொன்றும் பட்டுப்புடவை வாங்கிவிடாது. கைப்பையில் அடங்குவதும், உடையாததும், சிறிய தொகைக்குக் கிடைப்பதுமான பொருளையே பலர் நாடுவர். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் பத்தமடைப் பாயும் மாமல்லபுரத்துச் சிறு கற்சிற்பங்களும் அந்தந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீடுகளுக்குச் செல்கின்றன. நெசவு வட்டாரத்தில் மிஞ்சும் பட்டுத் துணித் துண்டுகளைக் கொண்டு பணப்பை, கண்ணாடி உறை, புத்தக அடையாள நாடா முதலியவற்றைத் தைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது ஏற்ற தொழில்.

உழவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆரணி அரிசியும், மாவட்டத்து நிலக்கடலையும், சவ்வாது மலைச் சாமையும் சிறு பொட்டலங்களாக விற்கத்தக்கவை. பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், ஆக்கியவர் முகவரி, நிகர எடை, ஆக்கிய மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறை தெரிவிக்கும் முகவரி ஆகியவை இருத்தல் வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.

ஜப்பான் நாட்டின் ஒயிட்டா மாநிலத்தில் 1979இல் ஆளுநர் ஹிரமட்சு தொடங்கிய “ஓர் ஊர், ஒரு பொருள்” இயக்கம் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அந்நாட்டின் சாலையோர விற்பனை நிலையங்களில் காய்கனிகளின் மேல் விளைவித்தவரின் பெயரையே எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. பெயர் எழுதப்பட்ட பொருளில் விளைவித்தவர் கவனம் குறைவதில்லை. நம் நாட்டிலும் 2022 முதல் ரயில் நிலையங்களில் அந்தந்தப் பகுதிப் பொருளை விற்கும் திட்டம் நடைபெற்று வருகிறது.

குறை கூற வருபவர்

குறை சொல்ல வருபவரைப் பகைவராக எண்ணுவது பெருந்தவறு. சொல்லாமல் போனவரால்தான் ஊருக்கு இழப்பு. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பது முறையற்ற வணிகச் செயலாகும். குறையுள்ள பொருளை, ரசீதில் கண்ட காலத்திற்குள்ளோ, காலம் குறிப்பிடப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பலகை வைத்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என எண்ணுதல் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, குடிநீர், நிழல், தூய்மையான கழிப்பிடம் ஆகியவற்றை அமைத்தல். களைத்து வந்தவர் இளைப்பாறினால்தான் கடையை நின்று பார்ப்பார்.

இரண்டாவதாக, பஞ்சாயத்துக்குச் சொந்தமான கடைகளை ஏலம் விடும்பொழுது வாடகைத் தொகையை மட்டும் நோக்காதிருத்தல். அளவுக்கு மீறிய வாடகை இறுதியில் வாங்குபவர் தலையிலேயே விடியும். விலை எழுதுதல், ரசீது கொடுத்தல், தரகு கொடாமை, உள்ளூர்ப் பொருளுக்கு இடம் ஒதுக்குதல் ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாகச் சேர்க்கலாம்.

மூன்றாவதாக, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து அசல் துணி மாதிரிகளைப் பெற்றுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூன்று தரக்குறிகளையும் அருகில் விளக்கி எழுதுதல்.

நான்காவதாக, கடை எங்கே அமைவது என்பதைக் கவனித்தல். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். இதனை அறியாமல் பொதுப் பணத்தைச் செலவிட்டுவிடக் கூடாது.

ஐந்தாவதாக, பஞ்சாயத்து அலுவலகத்தில் யாத்திரிகர் கருத்துப் புத்தகம் ஒன்றை வைத்து, அதில் கண்ட குறைகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் கிராம சபையில் படித்தல். மக்கள் முன்னிலையில் படிக்கப்படும் என்று தெரிந்தால் கடைக்காரர் தாமே கவனமாயிருப்பார்.

இவற்றுள் முதலும் மூன்றும் பணம் தேவைப்படுபவை. மற்றவற்றிற்கு வேண்டுவது உறுதியான தீர்மானமே. வெளியூர் மக்கள் வந்து செல்லும் ஊர்களின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, கடைக்காரர், நெசவாளர், உழவர், வண்டி ஓட்டுநர் ஆகிய நால்வரையும் ஒருங்கே அமர்த்திப் பேசுதல் நலம். நெய்தவரின் கூலியும் விளைத்தவரின் வருவாயும் கடை வாசலில் சொல்லப்படும் சொல்லின் உண்மையைப் பொறுத்தே நிற்கின்றன.