மின்னணுத் தராசில் வேண்டாத குறிகை அலைவும் அதைக் குறைக்கும் முறைகளும்

மின்னணுத் தராசின் தட்டில் பொருளை வைத்த பிறகும் திரையிலுள்ள எண் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஆடுவது குறிகை அலைவு எனப்படும். வண்டலூர் ஜி.எஸ்.டி. சாலையோரக் காய்கறிக் கடை ஒன்றில் 1.245, 1.255, 1.250 என்று எண் ஓடிக்கொண்டிருந்தால், கடைக்காரர் எந்த எண்ணுக்குக் காசு வாங்குவது? காய்கறியில் 10 கிராம் பெரிதல்ல. ஏலக்காயிலும் முந்திரியிலும் அது பணம்.

தராசின் உள்ளே இருப்பது லோடு செல் என்னும் அலுமினியக் கட்டை. எடை ஏறும்போது கட்டை மிகச் சிறிதளவு வளையும். அதன் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய திரிபு அளவிகளின் மின்தடை அதற்கேற்ப மாறும். கம்பியை இழுத்தால் மின்தடை மாறுவதை கெல்வின் பிரபு 1856-இல் கண்டறிந்தார். ஒட்டுவகைத் திரிபு அளவியை 1938-இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே உருவாக்கினர். நான்கு அளவிகளை வீட்ஸ்டன் பாலமாக இணைக்கும்போது, மின்தடை மாற்றம் மின்னழுத்த மாற்றமாகக் கிடைக்கிறது.

அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது என்பதே சிக்கலின் வேர். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடைக்கு வெளிவருவது 10 மில்லிவோல்ட். முழு எடை 30 கிலோ என்றால், 5 கிராமுக்குரிய பங்கு சுமார் 1.67 மைக்ரோவோல்ட். ஒரு சிறு டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் இது ஏறத்தாழ ஒன்பது இலட்சத்தில் ஒரு பங்கு. அருகிலுள்ள மின்கம்பியின் தாக்கம் இதைவிடப் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

அலைவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கடைத் தராசுகள் பலவற்றில் 6 வோல்ட் பேட்டரி இருக்கும். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். எண் அமைதியானால் குற்றவாளி மின்வழங்கி. அமைதியாகாவிட்டால் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். தட்டின் மேல் காற்று அழுத்துவதை மின்சுற்றின் கோளாறு என்று நினைத்து ஏமாறுவது வழக்கம். லாரிகள் கடக்கும்போது மட்டும் எண் ஆடினால் அது தரை அதிர்வு. அப்போது தேவை உறுதியான மேடையும், நான்கு கால்களும் சமமாகப் படிவதும்தான்.

லோடு செல்லே ஒரு கடினமான ஸ்பிரிங் ஆகையால், பொருளைத் தொப்பென்று போட்டால் அது சிறிது நேரம் ஊசலாடும். 30 கிலோவுக்குக் கட்டை 0.3 மி.மீ. வளைகிறது என்று கொண்டால், அந்த எடையில் ஊசல் விநாடிக்குச் சுமார் 29 முறை நிகழும்.

மின்வழியே வரும் இரைச்சலில் முதன்மையானது 50 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தியைக் கடந்த மின்வழங்கியில் மிஞ்சும் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். லோடு செல்லின் இரு குறிகைக் கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும். அவற்றின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் கருவிப் பெருக்கி அதைக் கழித்துவிடும். கேபிளின் உலோகத் தடுப்புறையை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்பில் சேர்க்க வேண்டும். இரு முனையிலும் சேர்த்தால் தரைச் சுழல் உண்டாகி இரைச்சல் கூடக்கூடும். லோடு செல்லுக்குத் தரும் 5 வோல்ட்டையே எண்மமாக்கியின் ஒப்பீட்டு மின்னழுத்தமாகவும் கொடுப்பது இன்னொரு நல்ல உத்தி. வழங்கல் மெல்ல ஏறி இறங்கினாலும் விகிதம் மாறாது.

பெருக்கியே அலையத் தொடங்குவதும் உண்டு. சில்லின் மின்கால்களுக்கு அருகே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இல்லாமை, நீண்ட கேபிளின் மின்தேக்கம் ஆகியவை இதற்குக் காரணமாகும். இவ்வகை அலைவு மிக வேகமானது. திரையில் ஆட்டமாகத் தெரியாமல், எடை இடம் மாறி நிற்பதாகவே தெரியலாம். கேபிளைக் கையால் தொட்டதும் எண் நகர்ந்தால் இதையும் ஐயப்படலாம்.

வடிகட்டிக்கு வருவோம். 1 கிலோஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். அப்போதும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் ஏறத்தாழ 30 விழுக்காடு தப்பிவிடும். சராசரி எடுப்பது இதைவிடக் கூர்மையான ஆயுதம். 100 மில்லிவிநாடியில் 50 ஹெர்ட்ஸ் அலை சரியாக ஐந்து முறை சுழல்கிறது. அந்த நேரம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் எப்போதும் துல்லியமாக 50-இல் நிற்பதில்லை, விதிப்படி 49.90 முதல் 50.05 வரை இருக்கலாம். ஆகவே சிறிது எச்சம் மிஞ்சும்.

மாணவர்கள் பயன்படுத்தும் எச்.எக்ஸ்.711 சில்லு விநாடிக்கு 10 அல்லது 80 அளவீடுகள் தரும். எடைபோட 10 போதும். 16 அளவீடுகளைச் சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற இரைச்சல் நான்கில் ஒன்றாகும், ஆனால் 1.6 விநாடி காத்திருக்க வேண்டும். எடை திடீரென மாறும்போது பழைய அளவீடுகளைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கும்படி நிரல் எழுதினால் இந்தத் தாமதம் உறுத்தாது. மென்பொருளால் மட்டுமே ஆட்டத்தை மறைப்பது சரியன்று. தளர்ந்த திருகும் ஈரமேறிய லோடு செல்லும் சராசரியால் குணமாவதில்லை; எண் அமைதியாக நிற்கும், எடை தவறாகவே இருக்கும்.

இச்சோதனைகளைக் கடைத் தராசைத் திறந்து செய்யக்கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வணிகத் தராசைப் பழுதுபார்க்க உரிமம் வேண்டும். பழுதுபார்த்த பின் மறுமுத்திரையும் வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. கற்றுக்கொள்ள விரும்புவோர் சென்னை ரிச்சி தெருவில் தனி லோடு செல்லும் சில்லுப் பலகையும் வாங்கி வீட்டு மேசையிலேயே தொடங்கலாம்.