எச்சிலில் சோதனை செய்யலாம், எச்சிலால் பரவாது



அண்மையில் ஒரு வலீமா விருந்தில், எச்.ஐ.வி. உள்ளவர் என்று பேசப்பட்ட சகோதரர் ஒருவருடன் ஒரே சஹனில் அமரப் பலர் தயங்கினார்கள். "வெளிநாட்டில் எச்சிலை எடுத்தே இதைச் சோதிக்கிறார்களாமே! அப்படியானால் எச்சிலில் கிருமி இருக்கத்தானே செய்யும்?" என்று படித்த ஒருவரே எங்களிடம் கேட்டார். அந்தச் சகோதரர் தனியாகச் சாப்பிட்டு எழுந்து போனார். அதற்காகவே இந்த விளக்கம்.

அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. இது இரத்தத்திலிருந்து ஈறு, கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக வாய்க்குள் சிறிதளவு கசிகிறது. எச்.ஐ.வி. பரவும் அளவுக்குக் கிருமி எச்சிலில் இருப்பதில்லை.

எனவே துப்பிக் கொடுத்தால் போதாது. 1994இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முறையில், உப்பூட்டிய சிறு பஞ்சுத் துண்டைக் கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே தேய்த்து, 2 முதல் 5 நிமிடம் வரை அங்கேயே வைப்பார்கள். பிறகு அதைப் பாதுகாப்புத் திரவம் உள்ள குப்பியில் இட்டு மூடுவார்கள். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் எதிர்ப்பொருளைச் சிதைத்துவிடாமல் அந்தத் திரவம் காக்கிறது. குப்பியை 4 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 21 நாட்கள் வரை வைத்திருக்கலாம். நம் புதுக்கோட்டைக் கோடை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும்.

வாயில் எதிர்ப்பொருளின் அளவு இரத்தத்தைவிட மிகக் குறைவு. ஆகவே எச்சில் சோதனையில் 'உண்டு' என்று வந்தால் இரத்தச் சோதனையால் உறுதி செய்தாக வேண்டும். தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் உருவாகியிராது என்பதால், 'இல்லை' என்று வந்தாலும், சந்தேகத்துக்குரிய நாளிலிருந்து 3 மாதம் கழித்து மறுபடி சோதிப்பதே சரி.

நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இரத்தத்தைக் கொண்டு இலவசமாகச் சோதிக்கிறார்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருகிறார்கள். ஒருவரின் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவைப் பிறரிடம் சொல்லவோ கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம்; 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசின் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 முதல் இலவசம். மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்பவர் நல்ல உடல்நலத்துடன் நெடுநாள் வாழலாம். கர்ப்பிணித் தாய் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் குழந்தைக்குப் பரவுவதைப் பெருமளவு தடுக்கலாம். விவரம் அறிய 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவையே இது பரவும் வழிகள். ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, பள்ளியின் ஹவுளில் ஒளுச் செய்வதாலோ பரவாது.

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோயாளியை நலம் விசாரிப்பதும் நம் கடமை. ஒருவரின் நோய் விவரம் நம் காதுக்கு வந்தால் அது அமானிதம். அடுத்தவரிடம் கொண்டுபோகக் கூடாது. அடுத்த விருந்தில் அந்தச் சகோதரரை நம் சஹனுக்கு நாமே அழைத்து அமர வைப்போம். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.