படத்துக்கும் ஒரு கணக்கு

பெரம்பலூர் பக்கம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பட்டறை போடுகிற நேரத்தில் ஆறு வாரம் ஊரை விட்டுப் போவது லேசான காரியம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு மூளையில் கட்டி என்றால், பாடாலூர் வந்து பஸ் பிடித்து சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டிக்கு, அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வழக்கமாக 30 தவணை கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு தவணைக்கு 1.8 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே.

"கரண்ட் வைக்கிறது கொஞ்ச நேரம்தானே, அதுக்கு முன்னாடி தினமும் எதுக்கு ஸ்கேன்?" பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிகள் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. கேள்வி சரியானது.

முகத்துக்கு அச்செடுத்த மாஸ்க் போட்டு, சிறு பிள்ளையானால் மயக்க மருந்தும் கொடுத்து, மேஜையில் படுக்க வைக்கிறார்கள். அப்படியும் நேற்று படுத்த அதே இடத்தில் இன்று படுப்பதில்லை. சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அது தெரியாவிட்டால், கட்டியைச் சுற்றி அகலமாக விளிம்பு விட்டுக் கதிரைப் பாய்ச்ச வேண்டும். 4 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக் கட்டிக்கு 1 செ.மீ. விளிம்பு விட்டால் கதிர் விழும் கன அளவு சுமார் 113 கன செ.மீ. விளிம்பை அரை செ.மீ. ஆக்கினால் 65. இடையில் இருக்கும் 48 கன செ.மீ. பெரும்பாலும் நல்ல மூளை. பிள்ளையின் படிப்பும் நினைவும் அங்கேதான் இருக்கின்றன. தினமும் படம் எடுத்து நிலையைச் சரிபார்த்தால்தான் விளிம்பைக் குறைக்கிற துணிச்சல் வரும். ஆகவே படமே வேண்டாம் என்பது பேச்சே இல்லை.

ஆனால் அந்தப் படமும் எக்ஸ்ரேதான். சிகிச்சைக் கதிரைத் தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷினோடு இணைந்த கோன் பீம் சி.டி. பிள்ளையைச் சுற்றி ஓடி முப்பரிமாணப் படம் தருகிறது. தலைக்கு எடுத்தால் சில மில்லிகிரே. வயிறு, இடுப்பு என்றால், பெரியவர்களுக்கான அமைப்பில் 10 முதல் 30 மில்லிகிரே வரைகூடப் போகும். 20 என்றே வைத்துக்கொள்வோம். வயிற்றில் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டிக்கு 21.6 கிரே, 12 தவணை. தினம் ஒரு படம் என்றால் 240 மில்லிகிரே. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2018 பரிந்துரை, படங்களின் அளவு சிகிச்சை அளவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதையும் திட்டத்தில் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. இங்கே 5 சதவீதம் என்பது 1,080 மில்லிகிரே. எனவே 240 சத்தமில்லாமல் தேறிவிடும்.

எனக்கு உறுத்துவது இந்தத் தேர்ச்சிதான். 2012இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, சிறு வயதில் சி.டி. எடுத்த சுமார் 1,80,000 பேரைப் பின்தொடர்ந்தது. மொத்தம் 50, 60 மில்லிகிரே அளவு பட்டவர்களிடம் ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. பயப்பட வேண்டாம்; அபாயமே மிகச் சிறியது. பத்து வயதுக்குக் கீழே 10,000 தலை சி.டி.க்கு, பத்து ஆண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. புற்றுநோய்க்கே சிகிச்சை பெறும் பிள்ளையோடு இதை நேராக ஒப்பிடவும் முடியாது. சிகிச்சைக் கதிரின் சிதறலே இதைவிட அதிகம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிகிச்சைக் கதிர் கட்டியைக் குறிவைக்கிறது. படத்தின் கதிர், படம் எடுக்கும் பகுதியில் நோயே இல்லாத எலும்பு மஜ்ஜை, தைராய்டு, சினைப்பை எது இருந்தாலும் அதன் மீதும் விழுகிறது. பிழைத்து வளரும் பிள்ளைக்கு முன்னால் இன்னும் அறுபது, எழுபது வருடம் இருக்கிறது.

சென்னை தரமணியில் 2019இல் தொடங்கிய அப்பல்லோ புரோட்டான் மையத்தை இங்கே சொல்ல வேண்டும். புரோட்டான் கற்றை கட்டியோடு நின்றுவிடும், பின்னால் இருக்கும் உறுப்புகளை அநேகமாகத் தொடாது; குழந்தைகளுக்கு அதனாலேயே மதிப்பு. ஆனால் சரியாக நிற்க வேண்டிய இடம் பிசகினால் கட்டியின் ஓரம் விட்டுப்போகும், ஆகவே படம் இன்னும் அவசியம். சிகிச்சைக் கதிர் சுத்தமாக ஆக ஆக, படத்தின் பங்கு துருத்திக்கொண்டு தெரியும்.

குறைக்க வழியா இல்லை? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். மெஷினோடு வரும் 'தலை', 'மார்பு', 'இடுப்பு' அமைப்புகள் பெரியவர்களின் உடம்புக்குப் போட்டவை. 15 கிலோ பிள்ளைக்கு அதையே அழுத்தினால், மெலிந்த உடம்புக்குள் கதிர் அதிகமாகவே இறங்கும். மின்னழுத்தத்தைக் குறைக்கலாம், மின்னோட்டத்தைக் குறைக்கலாம், படத்தின் நீளத்தைத் தேவையான இடத்தோடு நிறுத்தலாம். தலைக்கு முழு வட்டம் சுற்றாமல் பின்புறமாக 200 டிகிரி மட்டும் சுற்றினால் கண் வில்லை தப்பும். எலும்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் என்றால் முன்னும் பக்கமுமாக இரண்டு எக்ஸ்ரே பல நாட்களுக்குப் போதும். தோலின் மேல் ஒளியை வீசி கேமராவில் நிலையைப் பார்க்கும் முறையில் கதிரே இல்லை; உள்ளே இருப்பதைக் காட்டாது என்பதுதான் குறை.

படம் புள்ளி புள்ளியாக வரும், அழகாக இருக்காது. இருக்கட்டும். அது நோயைக் கண்டுபிடிக்க எடுத்த படம் இல்லை. மண்டையோடு நேற்றைய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. பளிச்சென்ற படத்துக்குப் பழகிய கண் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம், நோயறியும் சி.டி. விஷயத்தில் டாக்டர்களிடம் கேட்டதும் இதே விட்டுக்கொடுத்தலைத்தான்.

குழந்தைகளுக்கென்று தனி அமைப்பை ஒருமுறை பரிசோதித்து, மெஷினில் பதிந்துவைப்பது மருத்துவ இயற்பியலாளருக்குச் சில நாள் வேலை. இன்னொன்றும் சேர்த்தால் நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியில் '54 கிரே, 30 தவணை' என்று இருக்கும் இடத்துக்குக் கீழே, எத்தனை படம், எந்த அமைப்பில், தோராயமாக எத்தனை மில்லிகிரே என்று ஒரு வரி. பத்து வருடம் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காகப் பெரம்பலூரில் அந்தப் பிள்ளைக்கு சி.டி. எழுதப்போகும் டாக்டருக்கு அந்த வரி தேவைப்படும்.